மூன்று புள்ளிகளுக்குப் பிறகு

அந்த அம்மையாருக்குச் சினம் மூட்டக்கூடிய பொருள் உலகில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பசியோ, வெயிலோ, எண்ணூர் நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் வால் நீண்டு நிற்கும் கண்டெய்னர் லாரிகளோ, அவற்றின் ஹாரன் ஓசையோ அவரை அசைத்ததில்லை. கணக்கில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எழுதாமல் விடப்பட்ட ஒரு படி. அதைக் கண்டுவிட்டால் போதும், எரிந்துவிழுவார். அந்தச் சினத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிற எனக்கும் சினம் உண்டு. அதை மூடி வைத்து எழுதும் வித்தையை நான் கற்கவில்லை.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடியில் தகரக் கூரை வேய்ந்த ஓர் அறை இருக்கிறது. அதில்தான் அவர் மாலை வேளைகளில் டியூஷன் நடத்தினார். தாயாரோடு எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். பகலில் ராயபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை. மாலையில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கே அல்ஜீப்ராவும் கால்குலஸும். பிள்ளைகள் அவரை ‘மிஸ்’ என்றார்கள். நான் ‘டீச்சரம்மா’ என்றேன். அவர் என்னை ‘நைனா’ என்றார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் இயக்கி ஓய்வு பெற்ற நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். தமிழை நூலகத்தில் நானாகப் படித்துக்கொண்டேன். கணக்கை எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து காதால் படித்துக்கொண்டேன். என்னை உள்ளே வந்து உட்காரும்படி அவர் பலமுறை அழைத்தார். பிள்ளைகள் கூசுவார்கள் என்று நான்தான் படியிலேயே இருந்துவிட்டேன்.

பாடம் தொடங்கும்போது அவர் குரல் பாடப்புத்தகத் தமிழில்தான் இருக்கும். யாராவது ஒருவர் ஒரு படியைத் தாண்டிய கணத்தில் புத்தகத் தமிழ் மாடியை விட்டு இறங்கிப் போய்விடும். கல்மண்டபத்துத் தமிழ் ஏறி வந்துவிடும். அவர் பிறந்து வளர்ந்தது வடசென்னைக் கல்மண்டபம்.

“இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“மிஸ், அது வந்து… கேன்சல் ஆயிடுச்சு மிஸ்.”

“தானா ஆயிடுச்சா, நீ பண்ணியா?”

“நான்தான் மிஸ்.”

“அப்ப எழுது. பண்றது நீயி, பழி மட்டும் தானாவா? இன்னா நியாயம்டா இது?”

‘ஆகவே’ என்பதற்குக் கணக்கில் மூன்று புள்ளிகள் இடுவார்கள். கீழே இரண்டு, மேலே ஒன்று. அடுப்புக்குக் கல் கூட்டினாற்போல இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தப் புள்ளிகள் மேல் தனி மோகம். வழி தெரியாத இடத்தில் மூன்று புள்ளியை வைத்துவிட்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பார்த்து வைத்த விடையை எழுதிவிடுவார்கள். அப்படி ஒருவன் மாட்டிக்கொண்டால் அவர் சாக்பீஸால் அந்தப் புள்ளிகளைத் தட்டிக்கொண்டே கேட்பார்:

“மூணு கல்லு வெச்சுட்டா சோறு வெந்துடுமா? அடியில நெருப்பு எங்கடா?”

அந்தக் கேள்வி எங்கள் தெருவுக்கே பழமொழியானது. கவுன்சிலர் வந்து, அடுத்த மாதம் கழிவுநீர்க் குழாய் வந்துவிடும் என்று சொன்னால், கேட்டு நிற்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, “நெருப்பு எங்க?” என்று சிரிப்பார்கள்.

ஒரு நாள் நடந்தது நினைவிருக்கிறது. எக்ஸின் வர்க்கம் ஐந்து எக்ஸுக்குச் சமம். எக்ஸ் என்ன என்பது கணக்கு. ஒரு பெண்பிள்ளை எழுந்து, இருபுறத்தையும் எக்ஸால் வகுத்து, விடை ஐந்து என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். முடித்த பெருமிதம் குரலில் தெரிந்தது. டீச்சரம்மா சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“எக்ஸால வகுத்தியே, வகுக்கறதுக்கு மின்னாடி அத்த ஒரு வார்த்தை கேட்டியா?”

“இன்னா கேக்கணும் மிஸ்?”

“நீ சைபரா இருப்பியான்னு கேக்கணும். சைபரால வகுக்கக் கூடாதுன்னு தெரியும் இல்ல? எக்ஸு சைபரா இருந்தாலும் இந்தக் கணக்கு சரியா வரும். போட்டுப் பாரு. வருதா?”

“வருது மிஸ்.”

“அப்ப விடை ரெண்டு பேரு. அஞ்சு ஒருத்தன், சைபரு ஒருத்தன். நீ கேக்காம வகுத்தே பாரு, அதுல ஒருத்தனை அடிச்சுப் போட்டுட்ட. சைபருன்னா ஆளு இல்லையா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில், ஒப்பந்தக்காரர் அழைத்து வந்த கூலியாள் ஒருவர் கப்பலின் அடித்தட்டில் விழுந்து இறந்தார். விசாரணைக்கு வந்தவரிடம் ஒப்பந்தக்காரர், அப்படியோர் ஆளே வேலைக்கு வரவில்லை என்று சொன்னார். இறந்தவரின் செருப்பு என் வின்ச்சின் அருகே கிடந்தது. ஆளே இல்லை என்றால் செருப்பு யாருடையது? அன்று அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை, கத்தத்தான் தெரிந்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அந்த மாலையில்தான், கத்துவதைக் காட்டிலும் கூர்மையான ஒன்று இருக்கிறது என்று விளங்கியது. ‘எந்த வரியிலிருந்து இது வந்தது’ என்று கேட்பது.

அவர் அதை வகுப்பறையோடு நிறுத்திக்கொண்டவர் அல்லர். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து வருவார். முகம் கடுகடுவென்று இருக்கும். என்ன என்று கேட்டால், “ஃபாதர் இன்னைக்குப் பிரசங்கத்துல நாலு ஸ்டெப்பு தாண்டிட்டாரு நைனா. மழை பெய்யல, அதனால நம்ம பாவம்னு முடிச்சுட்டாரு. நடுவுல ஒண்ணுமே சொல்லல” என்பார். பாதிரியாரிடமே சொல்லியும் இருக்கிறார். அவரும் நல்ல மனிதர். அடுத்த வாரம் பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டார்.

அவரைப் பெண் பார்க்க வந்த கதையும் இதுவேதான். தகப்பனார் இல்லாத வீடு என்பதால் பெரியவர் என்ற முறையில் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். அவருக்குச் சிறு வயது முதலே மூச்சிளைப்பு உண்டு. மூச்சுக்கு உறிஞ்சும் இன்ஹேலர் குப்பி எப்போதும் கைப்பையில் இருக்கும். மாப்பிள்ளையின் அத்தை அதைக் கேள்விப்பட்டு வந்திருந்தார்.

“பொண்ணுக்கு இளைப்பு கீதுன்னாங்க. அதனால கல்யாணத்துக்கு அப்புறம் ஸ்கூல் வேலைய வுட்டுட்டு வூட்டோட இருந்துடட்டும். நாங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்.”

காப்பித் தட்டோடு வந்தவர் தட்டைக் கீழே வைத்தார்.

“இளைப்பு கீது, ஒத்துக்கறேன். வேலைய வுடணும்னு முடிச்சுட்டீங்க. நடுவுல ஒரு வரியைக் காணோமே அத்தை. ஸ்கூல்ல சாக்பீஸ் புடிச்சா இளைக்கும்; உங்க வூட்ல பத்துப் பாத்திரம் தேய்ச்சா இளைக்காதா?”

அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். மீண்டும் வரவில்லை. அதன் பிறகு வேறு யாரும் வந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. அவருடைய தாயார் நெடுநாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்: “வாய மூடிகினு இருந்திருந்தா இந்நேரம் புள்ள குட்டி இருந்திருக்கும். அதுங்கிட்ட யாரு சொல்றது? சொன்னா நம்மளையே எந்த வரின்னு கேக்கும்.”

இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பெயரை எழுதினால் என் கை கூசும். அவன் டிரெய்லர் ஓட்டுநர் ஒருவரின் மகன், எங்கள் தெருதான். டீச்சரம்மா கற்பித்த பிள்ளைகளுள் அவனைப் போல் ஒருவன் இருந்ததில்லை. அவர் கணக்கைப் பலகையில் எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவான். சரியாகவே இருக்கும். அதனாலேயே மற்ற எவரையும்விட அவன்தான் அதிகம் திட்டு வாங்கினான்.

“எனக்கு ஆன்சர் வாணாம்டா. ஆன்சரு புக்குக்குப் பின்னாடியே கீது. நீ எந்த வழியா வந்த, அத்த சொல்லு.”

“தலையிலயே வந்துடுச்சு மிஸ்.”

“உன் தலைக்குள்ள நான் வந்து பாக்க முடியுமா? எழுது. மத்தவன் பாக்கற மாதிரி எழுது. பாக்க முடியாத வழியில வந்தவன் திருடனா கூட இருப்பான்.”

முனகிக்கொண்டே எழுதுவான். எழுதிய பிறகு அவர் அதைப் படித்துப் பார்க்கும் முகத்தை நான் படியிலிருந்து கண்டிருக்கிறேன். திட்டிய வாய் இறுக மூடியிருக்கும். கண் மட்டும் ஒவ்வொரு வரியாக இறங்கும். பசித்தவர் இலையைப் பார்ப்பது போல.

கால்குலஸ் தொடங்கிய நாள், மாறுவீதம் என்றால் என்னவென்று எவருக்கும் விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் தண்ணீர் லாரி வந்தது. அவர் பிள்ளைகள் எல்லோரையும் கீழே இறக்கினார். என் வீட்டு வாசலில் நிற்கும் நீல ட்ரம்மில் லாரிக் குழாயைப் போடச் சொன்னார். லாரி நிறைந்திருந்ததால் தண்ணீர் வேகமாகக் கொட்டி ட்ரம்மில் மளமளவென்று ஏறியது. அக்கம்பக்கத்துக் குடங்களும் நிரம்ப, லாரி காலியாகிக்கொண்டே வந்தது. குழாயின் வேகம் குறைந்தது. என் ட்ரம்மில் மீண்டும் குழாயைப் போட்டபோது தண்ணீர் நூலாக விழுந்தது.

“இப்ப சொல்லுங்க. தண்ணி ஏறுற வேகம் குறையுதா, ஏறுதா?”

“குறையுது மிஸ்.”

“தண்ணி?”

பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவன் மட்டும் ட்ரம்முக்குள் எட்டிப் பார்த்தான்.

“தண்ணி ஏறிகினுதான் மிஸ் கீது. வேகந்தான் குறையுது. வேகம் சைபருக்குக் கீழ போனாத்தான் தண்ணி இறங்கும்.”

அவர் அன்று அவனைத் திட்டவில்லை. “இத்த மறந்தீன்னா கொன்னுடுவேன்” என்று மட்டும் சொன்னார். வரிசையில் குடத்தோடு நின்ற பெண்கள், “டீச்சரு, பாடத்த மாடிக்கு எடுத்துகினு போம்மா, எங்க குடம் காலியா கீது” என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே மேலேறினார்கள். நான் ட்ரம்மின் மூடியை மூடினேன்.

அந்த மூடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்கோடியில், சாலைக்கு அப்பால், ஒரு நிலக்கரிக் கிடங்கு இருக்கிறது. காலையில் ட்ரம் மூடியை விரலால் தடவினால் விரல் கறுக்கும். கொடியில் காயும் வெள்ளைத் துணி மாலைக்குள் சாம்பல் நிறமாகும். மாடியில் பிள்ளைகள் பெஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். டீச்சரம்மாவின் கைப்பையிலிருந்த குப்பி ஆண்டுக்கு ஆண்டு அடிக்கடி வெளியே வரத் தொடங்கியது. ஒரு வரி எழுதி, நின்று, உறிஞ்சி, அடுத்த வரி எழுதுவார். மருத்துவர், தூசு இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடும்படி சொன்னார். “இந்தப் பசங்களையும் கூட்டிகினு போவ எடம் கெடச்சா போறேன் டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த நிலையில்தான் அந்தக் கிடங்கை நடத்தும் நிறுவனமே, எங்கள் தெருவை ஒட்டினாற்போல் இரண்டாவது கிடங்கு ஒன்றை அமைக்க அனுமதி கேட்டது. வந்துவிட்டால் அந்த மாடியில் அவரால் மூச்சுவிட முடியாது. வகுப்பை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். அவருக்கு அது தெரியும்; எங்களுக்கும் தெரியும். மக்களின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் நடக்கும் என்று அறிவித்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். மணமேடை இருக்கும் இடத்தில் அதிகாரிகள். வாசலில் போலீஸ். முன்வரிசைகளில் நாங்கள் பார்த்தறியாத முகங்கள். வேன்களில் வந்து இறங்கியவர்கள். பின்னால் பிரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது. நிறுவனத்துக்காக ஆய்வு செய்த குழுவின் சார்பில் ஒருவர் திரையில் படம் காட்டி விளக்குவார் என்றார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு எழுந்து வந்தவன் அவன், எங்கள் மாடியில் படித்துவிட்டு மேல்படிப்புக்குப் போனவன்.

டீச்சரம்மா என் கையைப் பிடித்தார். “நைனா, நம்ம பையன்!” என்றார். அந்தக் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. அவன் வந்துவிட்டான், இனிப் பயமில்லை என்றே அவர் நினைத்தார்.

அவன் நன்றாகப் பேசினான். வரைபடங்களைக் காட்டினான். கடைசியாக மூன்று வரிகள் திரையில் வந்தன. காற்றில் தூசு உயரும் வேகம் ஆண்டுதோறும் குறைந்து வந்திருக்கிறது என்பது முதல் வரி. ஆகவே இப்பகுதியின் காற்று தூய்மையடைந்து வருகிறது என்பது இரண்டாவது. ஆகவே புதிய கிடங்கை இப்பகுதி தாங்கும் என்பது மூன்றாவது. முன்வரிசைகள் கை தட்டின.

என் பக்கத்தில் நாற்காலி உரசும் ஓசை கேட்டது. டீச்சரம்மா மைக்கை வாங்கியிருந்தார்.

“மொத வரிலேர்ந்து ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு?”

அவன் நிமிர்ந்தான். அடையாளம் கண்டுகொண்டான். என் கண் மங்கலானதுதான். ஆனால் அவன் கண்டுகொண்டதை நான் கண்டேன்.

“மேடம், இது டெக்னிக்கல் விஷயம். முழு அறிக்கையில விவரமா இருக்கு.”

மேடம்! எத்தனையோ மாலைகள் ‘மிஸ், மிஸ்’ என்று மாடியை அதிர வைத்த வாய் அது.

“மேடமா?” என்றார் அவர். பிறகு குரல் கல்மண்டபத்துக்கு இறங்கியது. “சரி, மேடமாவே இருந்துக்கறேன். தண்ணி மெதுவா வருதுன்னா ட்ரம்மு காலியாவுதாடா? அத்த மட்டும் இங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டு உக்காரு.”

அவன் மேடையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தான். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“இன்னாம்மா, கல்யாண மண்டபத்துல டியூஷன் எடுத்துகினு கீற? எங்க பசங்களுக்கு வேலை குடுப்பானா மாட்டானா, அத்தக் கேளு மொதல்ல!”

மண்டபம் சிரித்தது. எங்கள் தெருவிலிருந்து வந்தவர்களிலும் சிலர் சிரித்தார்கள். அவர்களை நான் மன்னிக்க முயன்றிருக்கிறேன். பிள்ளைக்கு வேலை வேண்டும் என்பவருக்குத் தூசு இரண்டாவது கவலைதான். ஆனால் அவன் சிரிக்காமல் குனிந்து நின்றானே, அதை எப்படி மன்னிப்பது? தெரியாதவன் சிரித்தான், தெரிந்தவன் குனிந்தான். அதிகாரி, “உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது, அடுத்தவர் பேசலாம்” என்றார். மைக் டீச்சரம்மாவின் கையிலிருந்து போய்விட்டது. அவர் பேசத்தான் பார்த்தார். மூச்சு வரவில்லை. நான் கைப்பையிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு மாலையில் அவன் எங்கள் வீடு தேடி வந்தான். கார் தெருவுக்குள் வர முடியாததால் டிரெய்லர்களின் இடுக்கில் நடந்தே வந்தான். கையில் ஆப்பிள் பை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். நான் அவன் பின்னாலேயே மாடி ஏறினேன். அவனைத் தனியாக விட எனக்கு மனமில்லை.

“மிஸ், அந்தக் கடைசி ஸ்லைடு நான் எழுதல. நான் குடுத்த ரிப்போர்ட் வேற. மேல இருக்கறவங்க மாத்திட்டாங்க. எனக்கு வேற வழியில்ல மிஸ்.”

“எழுதினது யாரோ. படிச்சுக் காட்டினது யாரு வாயி?”

அவர் சாக்பீஸை நீட்டினார்.

“போடு. மொத வரிலேர்ந்து.”

“மிஸ்…”

“உன்னாண்ட சண்டை போடக் கூப்புடல. கணக்கு போடச் சொல்றேன். போடு.”

அவன் ஆப்பிள் பையை மேசைமேல் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டான். போடத் தொடங்கினான். தூசின் அளவு எச் என்று வைத்துக்கொண்டான். காலம் டி. உயரும் வேகத்துக்கு வகைக்கெழு எழுதினான். வேகம் குறைகிறது, எழுதினான். ஆனாலும் வேகம் பூச்சியத்தைவிடப் பெரியது, அதையும் எழுதினான். ஒவ்வொரு வரிக்கும் வலப்புறம் அடைப்புக்குறிக்குள் காரணம் எழுதினான். அவர் கற்பித்த முறை. ஒரு படியைக் கூட அவன் தாண்டவில்லை. அப்படி அழகான கணக்கு அந்தப் பலகையில் அதற்கு முன் எழுதப்பட்டதில்லை. பிறகு மூன்று புள்ளிகளை வைத்தான். வைத்துவிட்டு நின்றான்.

“அப்புறம்?”

அவன் திரும்பவில்லை.

“மூணு கல்லும் வெச்சாச்சு. நெருப்பும் இருக்கு. முடி.”

“இங்க எழுதி இன்னா மிஸ் ஆவப் போவுது?”

“இந்த ரூம்ல, என் எதிருல, ஒரு சாக்பீஸால எழுத முடியலன்னா, நீ வேற எங்கடா எழுதப் போற?”

அவன் சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். படியிறங்கிப் போனான். ஆப்பிள் பையை அவர் என்னிடம் கொடுத்து, கொண்டுபோய்க் கொடுத்துவிடும்படி சொன்னார். நான் ஓடிப் போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். “நைனா, மிஸ்ஸுகிட்ட நீங்களாவது சொல்லுங்க” என்றான். “இன்னான்னு சொல்லணும்? சொல்றதுக்கு ஒரு வரி குடுடா” என்றேன். அவன் பையோடு டிரெய்லர்களின் இடுக்கில் நடந்துபோனான்.

அந்தக் கணக்கை அவர் அழிக்கவில்லை. பலகையின் மறுபாதியில் பாடம் நடத்தினார். யார் போட்ட கணக்கு என்று பிள்ளைகள் கேட்டால், “தெரிஞ்சவன் போட்டது. தெரியாதவன் போட்டிருந்தா அடிச்சுத் திருத்தியிருப்பேன்” என்பார்.

கிடங்கு வந்தது. சுவர் எழுப்பிப் பச்சை வலை கட்டினார்கள். வலையும் சில மாதங்களில் கறுத்தது. எங்கள் தெருவில் வேலை கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். சுமை ஏற்றும் வேலை, ஒப்பந்தக்காரர் மூலம். டீச்சரம்மா தாங்கும் வரை தாங்கினார். ஒரு கணக்கை முடிக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட நாளில், மாதவரத்திலிருந்து அவருடைய தம்பி வந்து அழைத்துப் போனார். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தார். “பலகையைத் துடைச்சுடாதீங்க நைனா” என்றார். அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோன செய்தி வந்தது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கூடியிருந்தவர்கள், சின்ன வயதிலிருந்தே இளைப்பு, அதனால் போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அந்த ‘அதனால்’ எங்கிருந்து வந்தது? நடுவில் இருக்கும் கிடங்கு எங்கே போனது? கேட்காமல் வகுத்துவிட்டார்களா? அவன் வந்திருந்தான், கடைசி வரிசையில் நின்றான். கிடங்குதான் கொன்றது, நீதான் கொன்றாய் என்று அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன்.

பிடிக்கவில்லை. பிடிக்க விடாமல் தடுத்தவர் பெட்டிக்குள் கிடந்தவர்தான். “நைனா, அது எந்த வரிலேர்ந்து வந்துச்சு?” என்று அவர் கேட்பது என் காதில் விழுந்தது. பிறவி இளைப்பு உண்டு, கிடங்கும் உண்டு. எது எவ்வளவு என்று காட்ட என்னிடம் படி இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். சினம் மட்டுமே நெருப்பாகிவிடாது என்பதை அவர் எனக்குக் கற்பித்துத் தொலைத்துவிட்டார். அவர்மேல் எனக்கு இருக்கும் கோபம் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக் கதவைத் திறந்தேன். கூரையின் இடுக்கு வழியே புகுந்த கரித்தூசு மேசையில், பெஞ்சில், பலகையின் விளிம்பில் படிந்திருந்தது. அந்தச் சாக்பீஸ் அவன் வைத்த இடத்திலேயே கறுத்துக் கிடந்தது. கணக்கு அப்படியே இருந்தது. மூன்று புள்ளிகள், அவற்றுக்குப் பிறகு வெற்றிடம்.

நான் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியையும், அதற்கான காரணத்தையும் விரல் வைத்துப் படித்தேன். எதுவும் தாண்டப்படவில்லை. வேட்டியில் சாக்பீஸைத் துடைத்தேன். என் கையெழுத்து நன்றாயிராது. படித்த கை அல்ல. மூன்று புள்ளிகளுக்குப் பிறகு எழுதினேன்:

தூசு உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது.